ஹில்டாவின் சுட்டுவிரல்

"இடது கால்ல லேஸ் தளர்ந்திருக்கு. வலது கால்ல இறுக்கம் ஜாஸ்தி. ரெண்டையும் அவுத்துட்டு மறுபடி கட்டு."

ஹில்டா பிராக்கில்பேங்க் என்னிடம் பேசிய முதல் பேச்சு இது. இங்கிலாந்தின் வடமேற்கே கம்பிரியாக் கடற்கரையில் இருக்கும் இந்தக் காகித ஆலையில் நான் பொறியாளராகச் சேர்ந்த அன்று காலை. எங்கள் வம்சத்தில் முதல் பட்டம் என்னுடையது. சான்றிதழ் நகல் கையில் இருந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை, பூட்ஸைப் பார்த்தார். கட்டி முடித்ததும், "பட்டதாரி, இப்ப நடந்து காட்டு" என்றார். நடந்து காட்டினேன். அன்றிலிருந்து ஆலை முழுக்க எனக்கு அதுதான் பெயர். வருத்தமில்லை, உழைத்து வாங்கிய பெயர்தானே.

பராமரிப்புப் பிரிவுக்கு ஹில்டா மேற்பார்வையாளர். குள்ளமான உருவம். இயந்திர இரைச்சலையும் தாண்டிக் கேட்கும் குரல். குரலுக்கு முன்னால் போவது அவருடைய வலக்கைச் சுட்டுவிரல். நுனி சற்றே வளைந்த அந்த விரல் நீண்டால் வெல்டிங்காரர்கள் வேலையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்ப்பார்கள். டீயில் பாலை எப்போது ஊற்றுவது என்பதில் தொடங்கி, சாஸேஜ் ரோலை எந்தப் பக்கத்திலிருந்து கடித்தால் உதிராது என்பது வரை அவரிடம் முறை உண்டு. ஒருநாள் வாசலில் நின்ற கடற்காகத்திடம், "அந்தப் பக்கம் போய் நில்லு, இங்க லாரி வரும்" என்றார். அது போய் நின்றது. அவர் சொல்வது பெரும்பாலும் சரியாகவும் இருந்து தொலைக்கும்.

இப்படிப்பட்டவரின் வாய்க்குப் பூட்டு வந்தது எம்லின் பியூவின் வருமான வரியால்.

எம்லின் வட வேல்ஸ்காரர். காகித இயந்திரத்தின் உருளைகளை மயிரிழை பிசகாமல் நேர்நிறுத்துவது அவர் தொழில். ஒப்பந்தத்தில் வருபவர் என்பதால் அவருக்குச் சம்பளம் போடுவது ஆலை அல்ல, இடையில் நிற்கும் ஒரு நிறுவனம். குடை நிறுவனம் என்பார்கள். மழைக்கு மட்டும் உதவாது என்பது கேன்டீனில் எல்லோரும் அடித்துத் தேய்ந்த நகைச்சுவை. எம்லினின் மனைவி நெரிஸுக்குப் பார்வை மங்கிக்கொண்டு வருகிறது. ஊரில் அவர்கள் வீட்டின் படிகளும் கதவுகளும் நெரிஸின் கைக்குப் பழகியவை. வேறு ஊருக்குக் குடிபெயரச் சொல்ல முடியாது. அதனால் எம்லின் வெள்ளிதோறும் காரில் ஊருக்குப் போய் ஞாயிறு இரவு திரும்புவார்.

இந்தப் பயணச் செலவுக்கு முன்பெல்லாம் வரிச் சலுகை கிடைத்தது. பிறகு சட்டத்தை மாற்றினார்கள். குடை நிறுவனத்து ஆள் தன் வேலையை எப்படிச் செய்ய வேண்டும் என்று சொல்லவோ, மேலே நின்று மேய்க்கவோ யாருக்காவது உரிமை இருந்தால், அந்த ஆளும் பக்கத்துத் தெருவிலிருந்து வேலைக்கு வருபவரும் ஒன்றுதான்; சலுகை கிடையாது. எம்லின் உருளையடியில் உட்கார்ந்துவிட்டால் அவருக்குச் சொல்லித்தர அந்த வட்டாரத்தில் ஆளில்லை. ஆகவே தனக்குச் சலுகை உண்டு என்று கேட்டிருந்தார். அதை உறுதிசெய்யக் குடை நிறுவனத்திலிருந்து ஹில்டாவுக்குத் தொலைபேசி வந்தது. நான் பக்கத்து மேசையில் இருந்தேன்.

"எம்லின் வேலைய அவரே பாத்துக்குவாரா, இல்ல யாராச்சும் சொல்லணுமா?" என்று கேட்டிருக்கிறார்கள்.

ஹில்டா நாற்காலியில் நிமிர்ந்தார். "நான் சொல்லாம இந்த ஆலையில ஒரு நட்டு திரும்பாது, கண்ணு. எம்லின் மட்டும் என்ன வானத்துலேர்ந்தா குதிச்சான்?"

அவ்வளவுதான். சலுகை போயிற்று. வரியும் பயணச் செலவும் போக மிஞ்சுவதற்கு, ஊர்ப்பக்கம் ஏதாவது கிடங்கில் பெட்டி தூக்கினாலே போதும் என்று கணக்குப் போட்ட எம்லின், இந்த ஒப்பந்தம் முடிந்தபின் வரப்போவதில்லை என்று கேன்டீனில் சொன்னார்.

"ஏன்யா, நான் உன்னைப் பெருமையாத்தானே பேசினேன்?" என்றார் ஹில்டா.

"பெருமை உன்னைப் பத்தி, மகாராணி. வரி எனக்கு."

ஹில்டா டீயைக் குடிக்காமல் வைத்துவிட்டுப் போனார். மாலையில் நான் கேட்டேன்: "திரும்பக் கூப்பிட்டு, தெரியாமச் சொல்லிட்டேன்னு சொல்லக் கூடாதா?"

"பொய் சொல்ல எனக்கு வராது, பட்டதாரி. அப்ப நெசத்தைத்தான் மாத்தணும்."

மறுநாள் மேலாளர் அறைக்குப் போனார். அடுத்த ஒப்பந்தத்தில் எம்லினிடம் என்ன வேலை, எப்போது முடிய வேண்டும் என்று மட்டும் சொல்லலாம்; எப்படிச் செய்வது என்று சொல்ல ஆலையில் எவருக்கும் உரிமை இல்லை என்று எழுதச் சொன்னார்.

"எழுதிடலாம். உன்னால முடியுமா, ஹில்டா?" என்றார் மேலாளர்.

"நீங்க கையெழுத்துப் போடுங்க. அந்தப் பேனா வேணாம், கறுப்பு மையில போடுங்க."

புதிய ஒப்பந்தம் தொடங்கிய வாரம், குடை நிறுவனத்திலிருந்து ப்ரையனி என்ற பெண் நேரில் பார்க்க வந்தார். எம்லின் கருவிப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் காகிதம் காய்ந்து வெளியே வரும் உலர்முனையில் உட்கார்ந்தார். வேலையைக் கூழ் உள்ளே போகும் ஈரமுனையில் தொடங்க வேண்டும் என்பது ஹில்டாவுக்கு வேதம். விரல் எழுந்தது. ப்ரையனி திரும்பிப் பார்த்தார். விரல் அந்தரத்தில் ஒரு கணம் நின்று, சட்டென்று என் பக்கம் திரும்பியது.

"பட்டதாரி, ஹெல்மெட் வாரைச் சரியா மாட்டு."

வார் சரியாகத்தான் இருந்தது. கழற்றி மறுபடி மாட்டினேன்.

"இவருக்கு நீங்க எதுவும் சொல்றதில்லையா?" என்று ப்ரையனி கேட்டார்.

"மூணாவது உருளை. வெள்ளிக்கிழமைக்குள்ள. அதுக்கு மேல அவன் பாடு."

உருளைக்கு அடியிலிருந்து எம்லினின் குரல் வந்தது: "உடம்புக்கு முடியலையா, மகாராணி? காலையிலேர்ந்து சத்தமே காணோம்."

"உன் வேலையப் பா..." என்று ஆரம்பித்தவர் பற்களைக் கடித்துக்கொண்டார்.

சலுகை திரும்பக் கிடைத்தது. எம்லின் இன்றும் வெள்ளிதோறும் ஊருக்குப் போகிறார். ஹில்டாவும் அதே ஆலையில்தான் இருக்கிறார். மற்ற எல்லோருக்கும் முறை சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார். எம்லின் வரும் வாரங்களில் எங்களுக்குக் கூடுதலாகவே விழும்.

போன வாரம் நான் மேல்தளப் பாலத்தில் நின்றிருந்தேன். கீழே எம்லின் மறுபடியும் உலர்முனையில் தொடங்கிவிட்டிருந்தார். ஹில்டா வாசலில் வந்து நின்றார். ப்ரையனி இல்லை, மேலாளர் இல்லை. நான் இருப்பதும் அவருக்குத் தெரியாது. விரல் எழுந்தது. அதை இடக்கையால் பிடித்துக் கீழிறக்கி, மஞ்சள் கோட்டின் பைக்குள் திணித்துக்கொண்டார். பையின் துணியை முட்டிக்கொண்டு அது ஈரமுனையைக் காட்டிக்கொண்டிருந்தது.