குழாய்த் தண்ணீரில் கழுவிய பொடி

பென்சில்வேனியாவில் இருக்கும் அந்தச் சின்ன ஆய்வகத்தில் வெர்னா மோயருக்குப் பதினோரு வருடம் ஓடிவிட்டது. சோயா எண்ணெயிலிருந்து எடுத்த அமிலத்தில் ஜியோலைட் என்ற வெள்ளைப் பொடியைப் போட்டு, இறுகப் பூட்டிய கலத்தில் ஆறு மணி நேரம் சூடேற்றுவாள். பொடியின் நுண்துளைகளில் புகுந்து வருவதற்குள் அமிலத்தின் நேரான மூலக்கூறு கிளைவிட்டுவிடும். கிளைவிட்டது குளிரில் உறையாது. விடாதது மார்கழித் தேங்காயெண்ணெய்தான்.

ஒரே பொடியைக் கழுவிக் கழுவிப் பத்து முறை ஓட்டிக் காட்டினால் ஒரு தொழிற்சாலை எடுத்துக்கொள்ளும். இல்லையென்றால் இந்த மாதத்தோடு ஆய்வகத்துக்கு மூடுவிழா. வியாழக்கிழமை காலை, குளிர்பெட்டியிலிருந்து பத்தாவது குப்பியை எடுத்துக் கவிழ்த்தாள். உள்ளே உறைந்திருந்தது அசையவில்லை.

"பொடி செத்துப்போச்சு, வெர்னா," என்றான் ஆலன். வயதில் இளையவன், ஆனால் மேலதிகாரி. "ஒன்பதுன்னே எழுதி அனுப்பிடறேன். நீங்களும் களைச்சுப்போயிட்டீங்க."

களைப்பு பொய்யில்லை. தலையாட்டிவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்தால் யார் கேட்கப்போகிறார்கள்? ஆனால் பாழாய்ப்போன கண் குழாய்ப் பக்கம் போயிற்று. அதன்மேல் அவளே ஒட்டிய சீட்டு: 'பொடி கழுவ இந்தத் தண்ணீர் ஆகாது.' சுண்ணாம்புத் தண்ணீர் அது. பட்டால், பொடி தன் புளிப்பை விட்டுவிட்டுச் சுண்ணாம்பைப் பிடித்துக்கொள்ளும்; அப்புறம் எதையும் கிளைவிட வைக்காது.

"அது சாகல ஆலன். நான்தான் கொன்னேன்."

"என்ன சொல்றீங்க?"

"காய்ச்சி வடிச்ச தண்ணி தீர்ந்துபோச்சு. புது கேன் மாடியில இருக்கு, ஏற முட்டி விடல. முந்தாநாள் ராத்திரி பூரா குழாத்தண்ணியிலயே ஊறப்போட்டுட்டேன்."

ஆலன் சீட்டைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். "போன வருஷம் இதுக்குத்தானே என்னை மூணு நாள் திட்டுனீங்க!"

"நாலு நாள். இப்ப நீ திட்டிக்கோ."

அவன் திட்டவில்லை. திங்கள்வரை அறிக்கையைத் தள்ளிவைத்தான். வெர்னா புளிப்பைத் திரும்ப ஏற்ற, பொடியை வேறொரு அமிலத்தில் கழுவினாள், உலையில் சுட்டாள், மறுபடி ஓட்டினாள். வாங்கிவைத்த பிரெட்ஸெல் முறுக்கு கடிபடாமலே காய்ந்தது.

திங்கள் காலை குப்பியைச் சாய்த்ததும் எண்ணெய் வழுக்கிக்கொண்டு ஓடியது. "பத்து!" என்று குதித்தான் ஆலன்.

"பதினொண்ணு. பத்தாவது தோத்துச்சு. அதையும் எழுது."

"கம்பெனிக்காரங்க பயந்துடுவாங்க வெர்னா. வேலையே போயிடும்."

"எழுதலன்னா, அவங்க ஆலையிலயும் ஒருத்தி முட்டி வலியில இதையேதான் செய்வா."

அவன் தயங்கினான். நோட்டை இழுத்து அவளே எழுதினாள்: பத்தாவது முறை, குழாய்த் தண்ணீர், தவறு என்னுடையது. கீழே முழுப் பெயரையும் போட்டாள். அப்புறம்தான் நாற்காலியில் உட்கார்ந்தாள்.