அய்யாவு பஸ்ஸில் சுற்றிவந்த அட்டை

மலேசியாவின் பாசிர் கூடாங்கில் ஒரு தொழிற்சாலைக்குப் பஸ் ஓட்டும் அய்யாவுவுக்கு ஐம்பத்தாறு வயது. காலையில் ஆட்களை இறக்கிவிட்டால் மூன்று மணிவரை வேலையில்லை. மற்ற டிரைவர்கள் தூங்குவார்கள், இல்லாவிட்டால் ஊர்வம்பு பேசுவார்கள். இவரோ மரநிழலில் பஸ்ஸை நிறுத்தி, காகிதத் துண்டுகளைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்.

சீனப் புத்தாண்டுக்குப் பணம் வைத்துக் கொடுக்கும் அங்பாவ் உறை, பரிசுப் பொட்டலம் சுற்றிய தாள், பழைய காலண்டர் என்று பூப்போட்டது எதுவும் அவர் கைக்குத் தப்பாது. துண்டுத் துணிகளைத் தைத்துப் போர்வை செய்யும் வீடியோ ஒன்றைப் பார்த்துப் பிடித்த பைத்தியம் இது. அட்டையின் நடுவில் சின்னச் சிவப்புச் சதுரம். அதைச் சுற்றி, ஒன்றின் ஓரத்தை இன்னொன்று மூடும்படி பட்டை பட்டையாகத் தாள். ஒரு பக்கம் வெளிர் நிறம், மறு பக்கம் அடர் நிறம். முடித்துப் பார்த்தால் பாதி வெயில் விழுந்த வீடு மாதிரி இருக்கும். தாள் பறக்குமென்று ஜன்னலைச் சாத்திவிட்டு, வேர்க்க விறுவிறுக்க அந்த வீட்டுக்குள் குடியிருப்பார் மனுஷர்.

பஸ்ஸில் யாருக்கு விசேஷம் என்றாலும் அவருடைய அட்டைதான். புறப்படும்போது கடைசி இருக்கை ரூபேந்திரனிடம் கொடுப்பார். ஒவ்வொருவராகக் கையெழுத்துப் போட்டு முன்னால் நகர்த்த, ஆலை வாசலை எட்டுவதற்குள் உரியவர் கைக்கு வந்துவிடும்.

இந்த வாரம் பிரேமலாவின் முறை. தம்பி தங்கைகளைக் கரையேற்றியதில் தன் கல்யாணத்தையே மறந்துபோனவள், வேலையை விட்டுவிட்டுப் பாலோ என்ற ஊரிலுள்ள வீட்டுக்குப் போகிறாள். பதினொரு வருடமாக டிரைவருக்குப் பின்னால் முதல் இருக்கை அவளுடையது. மனைவியை இழந்து ஒன்பது வருடமான அய்யாவுவுக்கு, அந்த இருக்கை காலியாகும் என்று நினைத்தாலே சோறு இறங்கவில்லை. அதனால் இரண்டு அட்டை செய்தார். ஒன்று எல்லாரும் கையெழுத்துப் போட. இன்னொன்றில் அவரே எழுதினார்: 'நீங்க பாலோ போன பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து பார்க்கலாமா? அய்யாவு.' பசை காய்வதற்குள் பாலோ வாசலில் செருப்பைக் கழற்றுவதுவரை கனவில் போய்வந்துவிட்டார்.

கடைசி நாள் காலை. பனிமூட்டத்தில் ஆலை விளக்குகள் மிதந்துகொண்டிருந்தன. சிவப்பு விளக்கில் நின்றபோது, சட்டைப்பையிலிருந்த உறையை ஆசையாகத் திறந்து பார்த்தார். உள்ளே எழுதாத அட்டை. எழுதியது கைமாறி ரூபேந்திரனிடம் போயிருந்தது.

கண்ணாடியில் பார்த்தார். அட்டை வந்துகொண்டிருந்தது. பிரேமலாவுக்குப் பின்னிருக்கை நாஸியா படித்தாள், வாயைப் பொத்திக்கொண்டாள், பிறகு பேனாவை எடுத்துக் கையெழுத்தும் போட்டாள். யாரும் சிரிக்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது. நாற்பது பேருக்கு முன்னால் தன் மானம் போவதுகூடப் பெரிதில்லை. பிரேமலா கூசிப்போய், ஒரு வார்த்தை பேசாமல் இறங்கிவிட்டால்?

"அண்ணே, பச்சை விழுந்துருச்சு லா!" என்று பின்னாலிருந்து யாரோ கத்தினார்கள்.

அட்டை பிரேமலாவின் மடிக்கு வந்தது. இரண்டு சந்திப்புகள் தாண்டும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நாஸியா, பேனா கொடும்மா."

ஏதோ எழுதினாள். ஆனால் அய்யாவுவிடம் நீட்டவில்லை. வந்த வழியே பின்னால் அனுப்பிவிட்டாள். அட்டை இருக்கை இருக்கையாகத் திரும்பிப் போனது.

ஆலை வாசலில் எல்லாரும் அவர் முகத்தைப் பார்க்காமல் இறங்கினார்கள். பிரேமலாவும்தான். கடைசியாக வந்த ரூபேந்திரன் அட்டையை ஸ்டீயரிங்மேல் வைத்தான்.

"மன்னிச்சிருங்கண்ணே. எல்லாரும் படிச்சிட்டோம்."

நாற்பது கையெழுத்துகளுக்கு நடுவே, அவர் எழுதிய வரிக்கு நேர்கீழே, நீல மையில் இருந்தது:

'ஒரே ஒரு ஞாயிறுதானா?'