சிவப்புப் பொட்டு வைத்த டேப் ரெக்கார்டர்

பத்தாவதோடு நின்றவள் நான். கம்ப்யூட்டரைப் பற்றி எழுத வந்ததைப் படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். நாலு பேர் முன்னால் பேசவும் எனக்கு வராது. ஆனால் என் அலமாரியில் ஒரு பழைய டேப் ரெக்கார்டர் இருக்கிறது. அதன் சத்தம் கூட்டும் சக்கரத்தில் சுரண்டிய தழும்பு ஒன்று உண்டு. அந்தக் கதை எனக்கு மட்டும்தான் தெரியும்.

எண்பதுகளில் பெரியப்பா பிரான்சிலிருந்து காரைக்காலுக்கே திரும்பி வந்தபோது அந்தக் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்தார். பார்வைக்கு வெறும் எழுத்துப் பலகை. டிவியோடு இணைத்தால்தான் உயிர் வரும். கூடவே வந்த பிரெஞ்சுப் புத்தகத்தில் இருந்ததை, ஒரு சொல்லும் புரியாமல், எழுத்து எழுத்தாகப் பார்த்து நான் தட்டினேன். ஒரு காற்புள்ளி விட்டாலும் ஓடாது. வாய்ப்பாடு கேட்டு, பதில் சரியா தவறா என்று சொல்லும் கணக்கு விளையாட்டு அது. கரண்ட் போனால் தட்டியதெல்லாம் அழிந்துவிடும் என்பதால் டேப் ரெக்கார்டரை அதோடு இணைத்து சாதாரண பாட்டு கேசட்டில் பதிந்து வைப்போம். திரும்ப ஓட்டும்போது கேசட் கீச்சென்று கத்தும். அந்தக் கத்தலைக் கேட்டுத்தான் கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் நினைவுக்குக் கொண்டுவரும். சத்தம் மயிரிழை கூடினாலும் குறைந்தாலும் எட்டு நிமிடம் காக்க வைத்துவிட்டுப் பிழை என்று காட்டும். சத்தச் சக்கரத்தில் சரியான இடத்தைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று நாள் ஆனது. பெரியம்மாவின் நகப்பூச்சை எடுத்து அந்த இடத்தில் சிவப்பாக ஒரு பொட்டு வைத்தேன்.

கன்னியர் பள்ளியில் கம்ப்யூட்டர் வாங்கப் போவதாகவும், அதைப் பார்த்துக்கொள்ள ஆள் தேடுவதாகவும் பேச்சு வந்தது. “அந்த வேலை ஒனக்குத்தான்” என்று பெரியப்பா பல தடவை சொல்லியிருந்தார். எங்கள் ஊர் விழிதியூரிலிருந்து தினமும் நான் அவர் வீட்டுக்கு வந்து போனதே அதை நம்பித்தான். பள்ளியின் தலைமைக் கன்னியரான மதர் கம்ப்யூட்டரைப் பார்க்க வந்த அன்று, பெரியப்பா சமையலறை வாசலில் என்னை நிறுத்தினார்.

“அண்ணன்தான் எல்லாம் பண்ணுனான்னு மதர்கிட்ட சொல்லியாச்சு. நீ காப்பி கொண்டாந்து குடு, போதும்.”

அண்ணன் என்றால் அவர் மகன். அந்தப் பலகையை அவன் தொட்டது விளையாட மட்டும்தான். நான் தலையாட்டினேன். மதரை வரவேற்க இருவரும் வாசலுக்குப் போனதும், கட்டைவிரல் நகத்தால் அந்தப் பொட்டைச் சுரண்டி எடுத்துச் சக்கரத்தையும் திருப்பிவிட்டேன்.

அண்ணன் கேசட்டை ஓட்டினான். முதல் எட்டு நிமிடம் பிழை. இரண்டாவதும் பிழை. மதர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பெரியப்பா சக்கரத்தைக் கண்ணருகே வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடம் திரும்பினார்.

“பொட்டு எங்கடி?”

காப்பித் தட்டோடு நின்ற நான், வாழ்நாளில் முதல்முறையாக எல்லார் காதிலும் விழும்படி பேசினேன்.

“அண்ணனுக்குத் தெரியுமே பெரியப்பா. அவங்கதானே எல்லாம் பண்ணுனாங்க.”

மதர் அண்ணனைப் பார்த்தார். அவன் ஃபேனைப் பார்த்தான்.

பெரியப்பா இறந்த பிறகு, பழைய சாமான் என்று பெரியம்மா இந்த டேப் ரெக்கார்டரை என்னிடம் தள்ளிவிட்டார். தூசி தட்டும்போதெல்லாம் அந்தத் தழும்பைத் தடவிப் பார்ப்பேன். வருத்தம் வருகிறதா என்று பல வருடம் காத்திருந்தேன். வரவில்லை.

மதர் வந்து போன மறுநாளே பெரியப்பா கம்ப்யூட்டரைப் பெட்டியில் போட்டுக் கட்டிப் பரணில் ஏற்றினார். பள்ளி வேலை எங்கள் இருவருக்குமே இல்லை. நான் பஸ் ஏறிக் கோட்டுச்சேரியில் தையல் வகுப்பில் சேர்ந்தேன்.