மேப்பில் இருந்த அம்மா

எர்ணாவூர் குடியிருப்பில் என் எதிர்வீட்டுக்கு அந்தப் பெண் வந்தபோது அவளுக்கு ஒரு வார்த்தை தமிழ் தெரியாது. வங்காளத்தில் கடலோரத் தீவு ஒன்றில் இருந்த அவள் வீட்டை வெள்ளம் கொண்டுபோய்விட்டது. கணவனுக்கு மணலியில் கம்பெனி வேலை. அவள் செல்போனிடம் தன் மொழியில் ஏதோ சொல்வாள், அது தமிழாக்கி, "தண்ணீர் வண்டி எப்போது வரும்?" என்று செய்தி வாசிப்பதுபோல எங்களைக் கேட்கும். குடத்தோடு நின்ற நாங்கள் சிரித்தோம். அவளும் சிரித்தாள்.

ஒரே வருஷத்தில் எங்களைப்போலவே பேசக் கற்றுக்கொண்டாள். தண்ணீர் வண்டி வரும் நேரம் போடுகிற எங்கள் பிளாக் வாட்ஸ்அப் குழுவில் அவளைச் சேர்த்துவிட்டேன். நான் போகிற இறால் கம்பெனியிலேயே வேலையும் கிடைத்தது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் மட்டும் தனியாக உட்கார்ந்து செல்போனில் ஒரே படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஒருநாள் என்னிடம் நீட்டினாள். வானத்திலிருந்து எடுத்த மேப் படம். வெள்ளத்துக்கு முந்தியது. தகரக் கூரை, ஒரு குளம், முற்றத்தில் வெள்ளையாக ஒரு புள்ளி.

"இது எங்கம்மாக்கா. வூட்ட வுட்டு வர மாட்டேன்னு உக்காந்துகினாங்க."

உடல்கூடக் கிடைக்கவில்லையாம்.

அந்த வெள்ளைப் புள்ளி காயப்போட்ட துணியாகவும் இருக்கலாம். நான் சொல்லவில்லை. உன் ஊரையும் காட்டு என்றாள். சுனாமிக்குப் பிறகு இங்கே குடிவைக்கப்பட்டவள் நான். எங்கள் குப்பத்தின் பேரை வாய்விட்டுச் சொல்லியே பல வருஷமாகிறது. பேச்சை மாற்றிவிட்டேன்.

போன மழைக்கு முன் ஒரு மதியம் அவள் டிபன் பாக்ஸைத் திறக்கவே இல்லை. மேப்பில் புதுப் படம் வந்திருந்தது. கூரை இல்லை, குளம் இல்லை. பழுப்புத் தண்ணீர் மட்டும். பழைய படம் கிடைக்குமா என்று கேட்க, கல்மண்டபம் கடைத்தெருவில் ஒரு செல்போன் கடைக்கு அழைத்துப்போனேன். கடைக்காரர் வெகுநேரம் தேடிவிட்டு, தனக்குத் தெரியவில்லை என்றார். திரும்பி வரும் பஸ்ஸில் அவள் ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னாள்:

"அந்த மேப்ப ஒரு போட்டோ புட்ச்சி வெச்சிருக்கலாம். அங்கதான கீறாங்கன்னு வுட்டுட்டேன்க்கா."

பிறகு பல நாள் வேலைக்கு வரவில்லை, செல்போனுக்கு நெட்டும் போடவில்லை. தண்ணீர் வண்டி வரும் தகவல் அவளுக்குப் போகாது. இரண்டு குடம் பிடித்து அவள் வாசலில் வைப்பேன். சாயங்காலம் காலிக் குடங்கள் என் வாசலில் இருக்கும். அவளைப் பார்க்க முடியாது.

ஒரு திங்கட்கிழமை வேலைக்கு வந்தாள். புது அடையாள அட்டைக்காக சூப்பர்வைசர் சொந்த ஊர் எது என்று கேட்டார்.

"எர்ணாவூர்," என்றாள்.

அவர் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். வெளியே வந்ததும் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அம்மா கோச்சிக்குமாக்கா?" என்று கேட்டாள்.