மஞ்சள் தண்ணியும் பதுளைப் போத்தலும்

பதுளையில் எங்கள் கடைக்குப் பின்னால் எப்போதும் விளக்கெண்ணெய் வாசம்தான். யாருக்கோ வயிறு சரியில்லை என்று வருகிறவர்கள் நினைத்துக்கொள்வார்கள். அங்கே என் மனைவி, ரிமோட்டில் பறக்கவிடும் தன் குட்டி விமானத்துக்கு எரிபொருள் கலந்துகொண்டிருப்பாள். மெதனோல், விளக்கெண்ணெய், கொஞ்சம் நைட்ரோ. எந்த ஊருக்கு எது எவ்வளவு என்பதில் அவளை அடிக்க ஆளில்லை. குழம்பில் மட்டும் உப்பு ஒருநாளும் சரியாக இருந்ததில்லை; அதை விடுங்கள்.

பதுளை பள்ளத்தில் இருக்கிறது, வெயிலும் அடிக்கும், நைட்ரோ குறைவாகவே போதும். மலை ஏற ஏறக் காற்று மெலிந்து எஞ்சினின் பலம் குறைந்துவிடும். அப்போது நைட்ரோவைக் கூட்ட வேண்டும், எஞ்சினில் உள்ள சின்ன ஊசியைத் திருகி எரிபொருள் வரத்தைக் குறைக்க வேண்டும். குளிரும் ஈரமும் சேர்ந்தால் அது தனிக் கணக்கு. எனக்கு இவ்வளவு தெரிந்ததே அவள் புண்ணியத்தில்தான்.

போன வருடம் மலை மேலே ஸ்பிரிங்வெளியில், அவள் பிறந்த தேயிலைத் தோட்டத்தில், மாரியம்மன் திருவிழா. தேர், தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கு முன்னால் வரும்போது விமானத்திலிருந்து பூப் போடுவதாக ஏற்பாடு. தோட்டத்து துரையிடமும் கோயில் கமிட்டியிடமும் அலைந்து அனுமதி வாங்கியவர் என் மாமியார். அதோடு விட்டாரா? கொழுந்து எடுக்கும் மலையெல்லாம், "எம் மக வானத்துலேருந்து பூப் போடப் போறா" என்று தம்பட்டம் அடித்துவிட்டார். கமிட்டித் தலைவர் எல்லார் முன்னாலும் சிரித்தாராம். பூ விழாவிட்டால் நாங்கள் பஸ் ஏறிப் பதுளைக்கு வந்துவிடுவோம். அந்தச் சிரிப்போடு லயத்தில் இருக்கப்போவது மாமியார்தான்.

மலைக்கென்று கலந்த போத்தலை மைதானத்தில் திறந்து வைத்திருந்தோம். மாமியார் செம்பும் வேப்பிலையுமாக வந்தார். புது வேன் வாங்கினால் என்ன செய்வோமோ அதையே விமானத்துக்கும் செய்தார். இறக்கையில் விபூதி, மூக்கில் குங்குமம், சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம். கடைசியில் வேப்பிலையை மஞ்சள் தண்ணியில் முக்கி எல்லாவற்றின் மேலும் தாராளமாகத் தெளித்தார். திறந்திருந்த போத்தலுக்கும் பங்கு கிடைத்தது.

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. "என்ன அத்தை இது..." என்று ஆரம்பித்தேன். மனைவி என் கையைப் பிடித்து அழுத்தினாள்.

"நல்லா தெளிச்சிட்டம்மா. நீ போயி தேரோட வா" என்றாள் அம்மாவிடம்.

தண்ணி கலந்த மெதனோல் பாதி வானத்தில் காலை வாரிவிடும். பையில் மிச்சம் இருந்தது பதுளைக்குக் கலந்த அரைப் போத்தல். பள்ளத்திலிருந்து பனிமூட்டம் வேறு ஏறிக்கொண்டிருந்தது.

"இந்தக் குளிருக்கு இது இழுக்குமா?" என்று கேட்டேன்.

"இழுக்கும். சொமையக் கொறைக்கணும். நீங்க பூவ எடுங்க."

விமானத்தின் பூப்பெட்டியிலிருந்து செவ்வந்தி இதழ்களில் பாதியை நான் அள்ளி எடுத்தேன். அந்த அரைப் போத்தலைச் சால்வைக்குள் சுற்றிக் கக்கத்தில் வைத்து அவள் சூடேற்றினாள். எரிபொருளை ஊற்றி எஞ்சினைக் கிளப்பி, விமானத்தின் மூக்கை வானம் பார்க்கத் தூக்கிப் பிடித்துக் காது கொடுத்தாள். இறக்கி ஊசியைக் கொஞ்சம் திருகினாள். மறுபடி தூக்கினாள், மறுபடி திருகினாள். தேரோடு வந்த தப்பு மேளச் சத்தம் நெருங்கி வந்து என் காதே அடைத்துப்போனது. அவளுக்கு மட்டும் எஞ்சின் சொல்வது கேட்டது. கட்டிய நாளிலிருந்து அவளைப் பார்க்கிறேன். அன்றைக்குப் பட்ட பெருமை என்றைக்கும் பட்டதில்லை.

ஜனங்களின் தலைக்கு மேல் அவள் விமானத்தைக் கொண்டுபோகவில்லை. தேயிலைச் சரிவின் பக்கமாகவே ஏற்றி, காற்று தேரை நோக்கி வீசும்வரை பொறுத்திருந்து, பூப்பெட்டியைத் திறந்தாள். மஞ்சள் இதழ்களைக் காற்றே தள்ளிக்கொண்டு வந்தது. அம்மன் மேல் கொஞ்சம், தேர் இழுத்தவர்கள் மேல் கொஞ்சம். கமிட்டித் தலைவரின் வழுக்கையிலும் ஒன்றிரண்டு ஒட்டியிருந்ததைக் கண்குளிரப் பார்த்தேன்.

விமானம் இறங்கியதும் மாமியார் மூச்சிரைக்க ஓடிவந்தார். கண் கலங்கியிருந்தது.

"பாத்தீங்களா மாப்பிள்ள? நான் அம்மன் தண்ணி தெளிச்சதாலதான் ஒரு கொறையும் வரல."

நான் வாயைத் திறந்தேன். மனைவி முந்திக்கொண்டாள்.

"ஆமாம்மா. வார வருஷமும் நீயே வந்து தெளிக்கணும்" என்றாள், மிச்சமிருந்த பதுளைப் போத்தலின் மூடியை இறுக்கிக்கொண்டே.