தூங்காத ஷுக்ரி

வளைவு வருமுன் ஷுக்ரி இடது புருவத்தில் ஒற்றை மயிரைத் தடவித் தேடி, இரண்டு விரலால் பிடித்து வெடுக்கென்று இழுப்பார். கண்ணில் நீர் முட்டும், தூக்கம் கலையும். அந்த நீரோடு லொறியை வளைப்பார். தேயிலை மும்முரமான மாதங்களில் அந்தப் புருவம் பாதி மொட்டையாகிவிடும்.

பதுளைக்காரர். முன்பு மாட்டுவண்டி ஓட்டினார். வண்டிக்காரர்கள் மூட்டைமேல் உறங்கியபடியே மலையிறங்குவார்கள். பாதை மாடுகளுக்குத் தெரியும். இரண்டாம் உலக யுத்தம் முடிந்தபின் ஹல்துமுல்லைப் பக்கமிருந்த எங்கள் தோட்டத்துக்கு லொறி வந்தது. அதை ஓட்டி அப்புத்தளை ஸ்டேஷனுக்குத் தேயிலைப் பெட்டி ஏற்றினார். பழைய வண்டிக்கூட்டாளி ஜுனைதீன் வழியில் கண்டால் அண்ணன் முறை சொல்லிக் கிண்டாமல் விடமாட்டார்: "நானா, ஒங்க மாட்டுக்கு வெளக்குதான் இருக்கு, கண்ணு இல்ல."

ஒரு வருஷம் மற்ற டிரைவர் காய்ச்சலில் படுக்க, இவர் இரவும் பகலுமாகத் தனியே ஓட்டினார். ஒரு காலை, ஸ்டேஷனிலிருந்து திரும்பும்போது, கொடிய வளைவுகளையெல்லாம் தாண்டி, தொழிற்சாலை கண்ணில் படும் நேர்ப்பாதையில் லொறியைப் பாதையோரக் கான் பள்ளத்துக்குள் இறக்கிவிட்டார். அவருக்குக் காயமில்லை, ஏற்றிவந்த காலிப் பெட்டிகள் நொறுங்கின. இவ்வளவு கவனமானவர் போயும் போயும் அந்த இடத்திலா என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

தூங்கி விழுந்திருந்தால் வேலைச் சீட்டைக் கிழித்து அனுப்பு என்று சொல்லிவிட்டு வெள்ளைக்கார மானேஜர் பெரியதுரை விசாரணையைத் தம் உதவியாளர் சின்னத்துரையிடம் விட்டார். சின்னத்துரை யுத்தத்தில் ஆகாய விமானம் ஓட்டியவர். கிளாக்கரான நான் ஆபீஸ் மூலையில் எழுதிக்கொண்டிருந்தேன்.

"நீ தூங்கினாயா?"

"இல்லீங்க தொர. கண்ணே மூடல்ல."

"நேற்று?"

"நேத்தும் இல்லீங்க."

"அதற்கு முன்னால்?"

"அல்லாஹ் மேல ஆணை, முந்தாநாளும் தூங்கல்ல."

துரை தலையாட்டத் தலையாட்ட ஷுக்ரியின் குரல் உறுதியானது. பிறகு பெரியதுரையிடம் சின்னத்துரை ஆங்கிலத்தில் சொன்னதைக் கேட்டபோதுதான் எனக்கு விளங்கியது. உறக்கமே இல்லாதவனை ஓட்ட விட்டது தோட்டத்தின் பிழை என்றார். எதிரியின் பீரங்கிக்குத் தப்பி வந்த விமானிகள்கூடச் சொந்த மைதானத்தைக் கண்டு மனம் தளரும்போதுதான் விழுவார்கள் என்றார்.

வேலை தப்பியது. இரவில் ஓட்டியவர் மறுநாள் ஓட்டக்கூடாது என்று உத்தரவும் வந்தது. ஷுக்ரிக்கு அது பிடிபடவில்லை.

"நான் தூங்கலன்னு தொர நம்பிட்டாரு. பொறகு ஏன் தம்பி, என்னையத் தூங்கச் சொல்றாரு?"

சின்னத்துரை சீமைக்குத் திரும்பியபின் பங்களாச் சமையற்காரர் இப்றாஹீம் சொல்லித் தெரிந்தது: யுத்தத்தில் அவரும் தம் மைதானத்தின் ஓரத்திலேயே விமானத்தை விழவிட்டவர். கூடப் பறந்த கூட்டாளி இறந்துபோனார். விசாரணையில் இயந்திரத்தைப் பற்றி மட்டும்தான் கேட்டார்களாம்.