ஆட்டத்தை நிறுத்திய தண்டபாணி

தண்டபாணி அண்ணன் இறந்த செய்தி ஒரு செவ்வாய்க்கிழமை காலை, நான் வேலை பார்க்கும் வங்கிக்குத் தொலைபேசியில் வந்தது. அவருடைய மகள் கவிதா பேசினாள். "மாமா, அப்பா போயிட்டாருங்க. டீ குடிச்சுப்போட்டுப் பேப்பர் பாத்துட்டு இருந்தாரு. அம்மா அடுப்பங்கரைக்குப் போயிட்டுத் திரும்பறதுக்குள்ள..." அதற்கு மேல் அவளால் முடியவில்லை. "இதோ வாரேன் கண்ணு" என்று மட்டும் சொல்லிவிட்டு ரிசீவரை வைத்தேன். கவுண்டரில் நின்றிருந்தவரிடம் வாங்கிய சலானை என்ன செய்தேன் என்று இன்றுவரை நினைவில்லை.

துடியலூரில் அவர் வீட்டு வாசலில் கூட்டம் அதிகமில்லை. பம்ப் கம்பெனியில் அவரோடு லேத் மிஷினில் நின்றவர்கள், அக்கம்பக்கத்தார், பழைய கால்பந்து ஆட்டக்காரர்கள் சிலர், எங்களைப் போன்ற நடுவர்கள் நாலைந்து பேர். எனக்குப் பின்னால் இரண்டு பேர் மெதுவாகப் பேசிக்கொண்டார்கள்.

"இவருதானுங்க அந்த மேட்ச நிறுத்துனவரு."

"எந்த மேட்ச்சுங்க?"

"அந்த நைஜீரியாப் பையன் ஆடுனான்ல, அது."

"ஓ, அந்தக் கிறுக்கு ரெஃப்ரியா?"

சொன்னவர் பிணத்தின் முகத்தைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டார். அந்த ஆட்டத்தில் கோட்டு நடுவராகக் கொடி பிடித்து ஓடியவன் நான். திரும்பி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவரை அறிந்த உங்களுக்கு இதை எழுத உட்கார்ந்ததற்கு அந்த மௌனமும் ஒரு காரணம்.

தண்டபாணி அண்ணனை மைதானத்தில் பார்த்தவர்கள் எல்லோரும் முதலில் சொல்வது அவருடைய மரியாதையைத்தான். சிவப்பு அட்டையைத் தூக்கிக் காட்டும்போதுகூட, "போதுமுங்க கண்ணு, வெளிய போய் உக்காருங்க" என்பார். ஒருமுறை ஒரு பின்கள ஆட்டக்காரர் கோபத்தில் அவர் சட்டைக் காலரைப் பிடித்துவிட்டார். அண்ணன் அசையாமல் நின்று, "பட்டன் போச்சுன்னா ஊட்ல திட்டுவாங்க, விடுங்க" என்றார். பிடித்தவரே சிரித்துவிட்டார். சிரித்தபடியே வெளியேறினார். அட்டை அட்டைதான். அதில் அவர் விட்டுக்கொடுத்ததில்லை. என்னைவிட ஆறு வயது மூத்தவர். ஒரே ஆண்டில் நடுவர் தேர்வு எழுதினோம். ஞாயிற்றுக்கிழமைகளில் அவருடைய சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து எத்தனையோ மைதானங்களுக்குப் போயிருக்கிறேன்.

வெள்ளகோவிலுக்கு ஒருமுறை நாங்கள் இருவரும் போட்டி நடத்தப் போனோம். உள்ளூர் அணியின் செல்வாக்குள்ள ஆட்டக்காரன் ஒருவன், பந்து பறிபோகும்போதெல்லாம் எதிரணி இளைஞன் ஒருவனைச் சாதிப் பெயர் சொல்லிக் கூப்பிட்டான். கோட்டோரம் நின்றவர்கள் சிரித்தார்கள். அந்த இளைஞன் இடைவேளைக்குப் பிறகு ஆட வரவில்லை. கால் பிடித்துக்கொண்டது என்று அவனுடைய அணித்தலைவர் வந்து சொன்னார். அண்ணன் தலையசைத்து மாற்று ஆட்டக்காரரின் எண்ணைக் குறித்துக்கொண்டார்.

திரும்பும் பஸ்ஸில் காங்கேயம் தாண்டியதும் அவர் ஜன்னலைப் பார்த்தபடி சொன்னார்: "அந்தப் பையனுக்குக் காலு ஒண்ணும் பிடிக்கலீங்க நடராஜு. நான் கேட்டுப்போட்டுச் சும்மா இருந்துட்டேன். வாயில கெட்ட வார்த்தை வந்தா அட்டை குடுக்கறேன். இதுக்கு ஏன் கை போகல?"

"நம்ம விசில் ஊதத்தானுங்ணா போனோம். ஊர் வழக்கத்தத் திருத்தவா போனோம்?" என்றேன். வெள்ளகோவில் அவருக்குள் எவ்வளவு ஆழமாக இறங்கியிருந்தது என்று எனக்கு அப்போது தெரியாது.

அடுத்த வருடம் கோவையில் அந்த அரையிறுதி ஆட்டம். பஞ்சாலை ஒன்று தன் அணிக்கு வெளியிலிருந்து ஆட்களைச் சம்பளத்துக்கு எடுத்திருந்தது. அவர்களில் ஒருவர் இமானுவேல், சரவணம்பட்டிப் பக்கம் ஒரு கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த நைஜீரிய மாணவர். நைஜீரியா என்றதும் ஆறடி ராட்சசனை எதிர்பார்த்து வந்தவர்கள் ஏமாந்தார்கள். நடுத்தர உயரம், ஒல்லி உடம்பு. களத்துக்கு வெளியே தடித்த கண்ணாடி. கொஞ்சம் தமிழ் பேசுவார். அன்று அவருடைய ஆட்டத்தைப் பார்ப்பதற்கென்றே கல்கத்தாவின் பெரிய அணி ஒன்றிலிருந்து ஒருவர் வந்து, விருந்தினர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். இது எங்களுக்குப் பிறகுதான் தெரிய வந்தது.

முதல் பாதியிலேயே இமானுவேல் இரண்டு கோல் போட்டுவிட்டார். இரண்டாவது கோலுக்குப் பிறகு, என் முதுகுப் பக்கம் சவுக்குக் கம்பால் கட்டியிருந்த கிழக்குக் கேலரியில் சத்தம் ஆரம்பித்தது. முதலில் ஒரு குரல், பிறகு பத்து, பிறகு வரிசை வரிசையாக. குரங்கைப் போலக் கத்தினார்கள். அவருடைய நிறத்தைச் சொல்லி, தாயைச் சொல்லி, எழுத முடியாதவற்றைச் சொல்லிச் சிரித்தார்கள். ஒரு வாழைப்பழம் என் காலடியில் வந்து விழுந்தது. நான் அதைக் கொடிக்கம்பால் கோட்டுக்கு வெளியே தள்ளிவிட்டு ஓடினேன். கத்தியவர்களில் பாதிப் பேரின் நிறம் இமானுவேலின் நிறத்திலிருந்து அதிகம் தள்ளியில்லை. என் நிறமும் அப்படித்தான்.

இடைவேளையில் அண்ணன் என்னிடம் வந்தார். "உங்க பக்கம் என்னங்க சொல்றாங்க?"

"கண்டுக்காதீங்ணா. இன்னும் முக்கா மணி நேரம். முடிச்சுப்போட்டு ஊடு போய்ச் சேரலாம்."

அவர் நேராகப் போட்டி அமைப்பாளரிடம் போனார். நானும் கூடப் போனேன். அமைப்பாளர் சோடா குடித்துக்கொண்டிருந்தார். "டிக்கெட் வாங்குனவன் கத்தத்தானுங்க செய்வான். சம்பளம் வாங்கி ஆடறவன் கேட்டுக்கத்தான் வேணும். வெள்ளைக்காரன் நாட்டுலயே கத்தறானுங்களாமா. அந்தப் பிரச்சனையெல்லாம் பேசறதுக்கு மேடை இருக்குது, இது மைதானம். நீங்க ஆட்டத்தப் பாருங்க" என்றார். அன்று எனக்கு அவர் பேசியது நியாயமாகவே பட்டது. இன்றும் பலருக்கு அப்படித்தான் படும்.

இரண்டாம் பாதியில் சத்தம் கூடியது. பத்து நிமிடம் போயிருக்கும். அண்ணன் ஊதி நிறுத்தினார். எல்லோரும் ஏதோ ஃபவுல் என்று நினைத்துப் பந்தைத் தேடினார்கள். அவர் மேடைப் பக்கம் நடந்துபோய், அறிவிப்பாளர் கையிலிருந்த மைக்கை வாங்கினார். "ஐயா, அம்மணிகளே, ஆடறது நம்மூருக்குப் படிக்க வந்த ஒரு தம்பிங்க. அவருக்குப் பேர் இருக்குது, பேரச் சொல்லித் திட்டுங்க, பரவாயில்லை. மனுசனை மிருகமாக்க வேண்டாமுங்க. இன்னொருக்காக் கேட்டா ஆட்டம் நிக்குமுங்க" என்றார்.

ஆட்டம் மறுபடி தொடங்கி ஐந்து நிமிடம் மைதானம் அமைதியாக இருந்தது. பிறகு கேலரியில் யாரோ ஒருவர் மெல்லக் குரங்குச் சத்தம் கொடுத்தார். பக்கத்தில் இருந்தவர்கள் வெடித்துச் சிரித்தார்கள். சிரிப்பு அடங்குவதற்குள் மொத்தக் கேலரியும் கத்தியது. அண்ணன் பந்தைக் கையில் எடுத்தார். நீளமாக ஊதினார்.

அவரிடம் முதலில் ஓடிவந்தவர் இமானுவேல்தான். "சார், வேண்டாம் சார். ஆடலாம் சார். ப்ளீஸ்" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டார். நான் கோட்டிலிருந்து அருகே போயிருந்தேன். அண்ணனின் உதடு நடுங்கிக்கொண்டிருந்தது.

"உங்களுக்காக மட்டும் இல்லீங்க கண்ணு" என்றார். "என்ற காதுலயும் விழுகுதுங்களே. நான் எப்படி ஊதிட்டு நிக்கறது?"

கற்கள் விழ ஆரம்பித்தன. போலீஸ் வேனில் எங்களை வெளியே கொண்டுவந்தார்கள். வேனில் அண்ணன் பந்தை மடியிலேயே வைத்திருந்தார். கொடுக்க மறந்துபோயிருந்தார்.

பத்து நாள் கழித்து விசாரணை. நடுவர் குழுவில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். வெளியிலிருந்து இடையூறு வந்தால் ஆட்டத்தை நிறுத்த நடுவருக்கு அதிகாரம் உண்டு என்று அண்ணன் விதியைக் காட்டினார். கல் விழுந்தது நிறுத்திய பிறகுதானே, அதற்கு முன் என்ன இடையூறு என்று கேட்டார்கள். அந்தக் கேலரிக்கு மிக அருகில் நின்றவன் நான். என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்கள்: "நடராஜன், நீங்க என்ன கேட்டீங்க?"

அப்போது மாநில அளவிலான நடுவர் பட்டியலுக்கு என் பெயர் பரிசீலனையில் இருந்தது. அந்த மூன்று பேரில் இருவர் அதில் கையெழுத்துப் போட வேண்டியவர்கள்.

"கூட்டத்துச் சத்தந்தானுங்க. வார்த்தை எதுவும் தெளிவாக் கேக்கலீங்க" என்றேன்.

அண்ணன் என் பக்கம் திரும்பவே இல்லை. அவரை இரண்டு பருவங்களுக்கு நீக்கினார்கள். வெளியே வந்ததும் எப்போதும்போல எனக்கும் சேர்த்து டீ சொன்னார். டம்ளரை என்னிடம் நீட்டியபடி, "காத்து அன்னிக்கு அந்தப் பக்கமா அடிச்சிருக்குமுங்க" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். எனக்கு ஒரு வழி விட்டுக் கொடுப்பதுபோலச் சொன்னார்.

அந்த வாரமே இமானுவேலைப் பார்க்க வேண்டும் என்றார். சரவணம்பட்டியில் ஒரு மாடி அறையில் நண்பர்களோடு அவர் வாடகைக்கு இருந்தார். எங்களை உட்கார வைத்து ஹார்லிக்ஸ் கலக்கிக் கொடுத்தார். கல்கத்தாவிலிருந்து ஆள் வந்திருந்ததை அப்போதுதான் சொன்னார். ஆட்டம் பாதியில் நின்றதும் அந்த ஆள் எழுந்து போய்விட்டார். தகராறு வரும் இடத்தில் இருக்கும் ஆள் தங்களுக்கு வேண்டாம் என்று பிறகு சொல்லி அனுப்பிவிட்டார்களாம்.

"சார், எல்லா ஊர்லயும் இப்படித்தான் கத்தறாங்க. எனக்குப் பழக்கம். நான் கோல் போடுவேன், அவங்க சத்தம் நிக்கும். அன்னிக்கு மூணாவது கோல் போட்டிருப்பேன்" என்றார் இமானுவேல். குரலில் கோபமில்லை. "நீங்க என்னைக் கேட்கவே இல்லை சார்."

அண்ணன் ஹார்லிக்ஸ் டம்ளரை இரண்டு கைகளாலும் பிடித்திருந்தார். "ஆமாங்க. கேக்கலீங்க. அது என்ற தப்புத்தானுங்க" என்றார். பிறகு, "ஆனா நாளைக்கே மறுபடி கேட்டாலும் நான் நிறுத்திப்போடுவேனுங்க. அதையும் உங்ககிட்டச் சொல்லாமப் போனா நான் பொய் சொன்னமாதிரி ஆயிரும்" என்றார்.

இமானுவேல் டம்ளர்களை வாங்கி வைத்தார். வாசல்வரை வந்து கைகுலுக்கினார். படிப்பு முடிந்து அடுத்த வருடம் நாடு திரும்பிவிட்டார். எங்கே ஆடுகிறார், ஆடுகிறாரா என்பதுகூட எங்களுக்குத் தெரியாது. அண்ணன் செய்தித்தாளின் விளையாட்டுப் பக்கத்தில் அந்தப் பெயரைத் தேடிக்கொண்டே இருந்தார்.

தடை முடிந்ததும், ஒரு மன்னிப்புக் கடிதம் கொடுத்தால் மீண்டும் ஊதலாம் என்று குழு சொன்னது. "இமானுவேலுக்கு எழுதச் சொன்னா எழுதறேன். உங்களுக்கு எதுக்குங்க?" என்று வந்துவிட்டார். அதன்பின் அவர் டிக்கெட் வாங்கிக்கொண்டு அதே கிழக்குக் கேலரியில் போய் உட்கார ஆரம்பித்தார். யாராவது ஆட்டக்காரரின் நிறத்தையோ சாதியையோ சொல்லிக் கத்தினால், திரும்பி, "ஏனுங்க, ஆட்டத்தத் திட்டுங்க, ஆளத் திட்டாதீங்க" என்பார். சிலர் அடங்குவார்கள். சிலர் அவரையே கேலி செய்வார்கள். ஒரு லீக் ஆட்டத்தில் ஒருவன் அவரை நெஞ்சில் தள்ளினான். இரண்டு படி கீழே விழுந்து, கைப்பிடிக் கம்பைப் பற்றி எழுந்து, மறுபடி அதே இடத்தில் போய் உட்கார்ந்தார். நான் அன்று கோட்டில் கொடியோடு நின்றேன், மாநிலப் பட்டியலின் சின்னம் சட்டையில் இருக்க. அவரை நான் பார்த்தேன். பந்து மறுபக்கம் போனது. நானும் பந்தோடு ஓடினேன்.

சென்ற தைப்பொங்கலுக்கு அவர் வீட்டுக்குப் போயிருந்தபோது ஒருவழியாகக் கேட்டுவிட்டேன். "அன்னிக்கு நிறுத்துனது சரின்னு இப்பவும் நெனைக்கறீங்களா அண்ணா?"

கரும்பைக் கடித்துக்கொண்டிருந்தவர் சக்கையைத் துப்பினார். "தெரியலீங்க நடராஜு. அந்தத் தம்பி பொழப்புல மண்ணப் போட்டுட்டேன், அது நெசம். அத நெனச்சா இன்னும் தூக்கம் வரமாட்டேங்குது. ஆனா வெள்ளகோயில்ல ஊதாம வந்தேன் பாருங்க, அதுக்கும் தூக்கம் வரலீங்களே."

அன்றாவது விசாரணையைப் பற்றிப் பேசியிருக்கலாம். வாய்வரை வந்தது. அண்ணனின் மனைவி சரோஜா அக்கா பொங்கல் தட்டோடு வந்தார்கள். நான் தட்டை வாங்கிக்கொண்டேன்.

அண்ணனின் காரியம் முடிந்த மறுநாள் நடுவர் குழுவுக்கு ஒரு கடிதம் எழுதினேன். அந்த அரையிறுதி ஆட்டத்தில் கேலரியில் கத்தியவை அனைத்தும் எனக்குத் தெளிவாகக் கேட்டன, விசாரணையில் நான் சொன்னது பொய், நடுவர் தண்டபாணி கூறியது உண்மை என்று எழுதி, கேட்ட சொற்களையும் ஒன்றுவிடாமல் எழுதினேன். செயலாளர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "அவரே போயிட்டாருங்க. இப்ப இதனால யாருக்கு என்னங்க ஆகப்போகுது?" என்றார்.

"ஃபைல்ல வெச்சுருங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

தொழில்முறை ஆட்டத்தில் இத்தகைய எதிர்ப்புக்கு இடமுண்டா என்று கேட்பவர்களுக்கு அண்ணனின் வாழ்க்கையிலிருந்து ஒரு முடிவான விடை எடுத்துத் தர எனக்குத் தெரியவில்லை. அமைப்பாளர் சொன்னது தவறு என்று மட்டும் தெரிகிறது. இமானுவேல் சொன்னது தவறென்று சொல்ல முடியவில்லை. அண்ணனிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது, உடம்பு நடுங்கினாலும் மரியாதை குறையாமல் பேசிய அந்தக் குரல். அதோடு, அவர் உயிரோடு இருந்தபோது நான் சொல்லாமல் வைத்திருந்த சாட்சியம். நீங்கள் அவரைப் பற்றிப் பேசும்போது இனி அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அவருக்குக் கேட்டது எனக்கும் கேட்டது.